வீட்டில இருந்து பனிக்கட்டியாறு பாக்கப் போறது: வேர்ச்சுவல் களப்பயணம் எண்டா உண்மையில என்ன?

அக்காவின்ரை மகள் ஏ.எல்லுக்குப் புவியியல் எடுக்கிறாள். போன மாசம் ஒருநாள் பின்னேரம் வந்து, "மாமா, இண்டைக்கு எங்களை வேர்ச்சுவல் ஃபீல்ட் ட்ரிப் கூட்டிக்கொண்டு போனவை" எண்டாள். எங்கை எண்டு கேட்டன். "சுவிஸுக்கு, பனிக்கட்டியாறு பாக்க." நல்ல விசயம் தானே எண்டு போட்டு, அப்ப என்னத்தைப் பாத்தனி, என்ன கண்டுபிடிச்சனி எண்டு கேக்க அவளுக்கு ஒண்டும் சொல்லத் தெரியேல்ல, ஏனெண்டா நடந்தது இவ்வளவு தான்: ஒரு இருவது நிமிச வீடியோ, பின்னால மியூசிக், மேல ட்ரோன் பறக்குது, கீழ வெள்ளையா மலை, கடைசியில சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லுகினம், மணி அடிச்சிட்டுது.

வீடியோவும் நல்லது தான், நான் அதைக் குறை சொல்ல வரேல்ல. ஆனா அதுக்குப் பேர் களப்பயணம் இல்லை. இப்ப எல்லாத்துக்கும் உந்தப் பேரைத் தான் வைக்கினம், சூம் வகுப்பும் வேர்ச்சுவல் ட்ரிப், யூரியூப்பும் வேர்ச்சுவல் ட்ரிப், கண்ணை மூடி ஒரு பெட்டியைத் தலையில கட்டிவிட்டா அது பெரிய வேர்ச்சுவல் ட்ரிப். அதோட பனிக்கட்டியாறைப் பற்றிக் கனபேர் மனசில வச்சிருக்கிறதும் அரைகுறை தான். ரெண்டையும் சேத்து எழுதுவம் எண்டு இருந்தன், புவியியல் பக்கமே போகாத ஆக்களும் வாசிக்கலாம்.

## நல்லூர்த் தேரை எங்கை நிண்டு பாக்கிறது

நல்லூர்த் திருவிழா 25 நாள். தேரண்டைக்கு வெளிநாட்டில இருக்கிற எங்கடை ஆக்கள் நித்திரை முழிச்சிருந்து லைவில பாப்பினம். கமராக்காரன் தேரைக் காட்டினா தேர், காவடியைக் காட்டினா காவடி. அங்கால கச்சான் கடையைப் பாப்பம் எண்டு உங்களுக்கு ஆசை வந்தாலும் கமராவைத் திருப்ப ஏலாது. வீடியோ எண்டது இது தான், வேறை ஒருத்தர் பாத்ததை நீங்கள் பாக்கிறியள்.

ரெண்டாவது, நீங்கள் வீதியிலயே நிக்கிறியள், ஆனா சனம் நெருக்கி ஒரு அடி எடுத்துவைக்க ஏலாது. தலையைத் திருப்பலாம், மேல கீழ பாக்கலாம், அவ்வளவு தான். 360 பாகைப் படம் எண்டு சொல்லுறது இதைத் தான். ஒரு புள்ளியில நிண்டு சுத்திவர எடுத்த படங்களை ஒட்டி ஒரு பெரிய உருண்டைக்கு உள்பக்கம் பூசினமாதிரி, நடுவில நீங்கள். கூகிள் ஸ்ட்ரீட் வியூ 2007இல வந்தது, அதுவும் இந்தச் சாதி தான், ஒரு புள்ளியிலயிருந்து அடுத்த புள்ளிக்குப் பாயலாமே தவிர இடையில நடக்க ஏலாது.

மூண்டாவது, திருவிழா எல்லாம் முடிஞ்சு சனமில்லாத ஒரு காலமை, நாலு வீதியும் ஆறுதலா நடந்து கோபுரத்தைக் கிட்டப்போயும் பாத்து, தள்ளிநிண்டும் பாத்து, பின்பக்கத்தாலயும் பாக்கிறது. கொம்பியூட்டரில இதுக்குப் பேர் த்ரீடி மொடல். கூகிள் ஏர்த்தில மலையைச் சரிச்சுத் திருப்பிப் பாக்கிறியள் பாருங்கோ, அது.

இந்த மூண்டும் கண்ணுக்குத் தான். களப்பயணம் ஆகிறதுக்கு இன்னொண்டு வேணும், கேள்வி. "உந்தக் கறுப்புக் கோடு ஏன் ஐஸுக்கு நடுவால போகுது?" எண்டு ஆரும் கேட்டு, நீங்கள் அதுக்குப் பதில் தேடிக் கிட்டப்போய், அளந்து, ஒரு கொப்பியில கீறி, "இதாலதான் இருக்கோணும்" எண்டு ஒரு முடிவுக்கு வந்து, பிறகு அது பிழையெண்டு இன்னொரு இடத்தைப் பாத்துத் திருத்தினா, அது போனில நடந்தாலும் களப்பயணம் தான். பஸ் பிடிச்சு அந்த இடத்துக்கே போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்தா அது சுற்றுலா.

சுருக்கமாச் சொன்னா: வீடியோவில கண் வேறை ஆளின்ரை, 360 படத்தில தலை உங்கடை, த்ரீடி மொடலில காலும் உங்கடை. கேள்வியை நீங்கள் தான் கொண்டுபோகோணும்.

## ஐஸ் எப்பிடி ஆறாகுது

சரி, கேள்வி கேக்கிறதுக்கு முதல் அங்கை என்ன நடக்குது எண்டு கொஞ்சம் தெரியோணும்.

பனிக்கட்டியாறு எண்ட உடனை எங்கடை ஆக்கள் நினைக்கிறது உறைஞ்சுபோன ஆறு, அதாவது ஆத்துத்தண்ணி குளிருக்கு ஐஸாப் போய் நிக்குது எண்டு. அது இல்லை. மலையில வருசா வருசம் ஸ்னோ விழுகுது, வெயில் காலத்தில கொஞ்சம் உருகுது, ஆனா விழுந்த அளவுக்கு உருகேல்ல, மிச்சத்துக்கு மேல அடுத்த வருசத்து ஸ்னோ, அதுக்கு மேல அடுத்தது. புதுசா விழுந்த ஸ்னோவில பெரும்பங்கு காத்து தான். சர்பத்துக்கு வழிச்ச ஐஸைக் கையில எடுத்து இறுக்கிப் பிடிச்சுப் பாருங்கோ, பொலபொலவெண்டு இருந்தது ஒரு கட்டியாப் போகும். அங்கை உங்கடை கைக்குப் பதிலா மேல கிடக்கிற ஸ்னோவின்ரை பாரம், நிமிசத்துக்குப் பதிலாப் பல வருசம். காத்து வெளியேறி, இறுகி, கடைசியில நீலம் பாரிச்ச கட்டி ஐஸ்.

அப்பிடிச் சேந்த ஐஸ் தடிச்சு, தன்ரை பாரத்தால தானே அசையத் தொடங்கினா அதுக்குப் பேர் தான் பனிக்கட்டியாறு. அசையாட்டி அது வெறும் ஐஸ் குவியல்.

ஐஸ் எப்பிடி அசையும், அது கல்லு மாதிரி தானே எண்டு கேப்பியள். தொதல் கிண்டியிருக்கிறியளோ? இறக்கின சூட்டோட தட்டில போட்டுத் தட்டை ஒருபக்கம் சரிச்சு வச்சா அது தண்ணி மாதிரி ஓடாது, கல்லு மாதிரி நிக்கவும் மாட்டுது, மெல்ல மெல்லச் சரிஞ்சுகொண்டு போகும், மேல்பக்கம் ஆறிக் காஞ்சிட்டா அந்த இடம் வெடிக்கும். பனிக்கட்டியாறும் அப்பிடித் தான். ஆழத்தில இருக்கிற ஐஸ் பாரத்தால நெளிஞ்சு நகரும், மேல ஒரு 50 மீற்றர் அளவுக்கு அந்தப் பாரம் இல்லாதபடியால் அது நெளிய மாட்டாது, வெடிச்சுப் பிளக்கும், மலையேறுற ஆக்கள் விழுந்து சாகிற பிளவுகள் அது தான். இதைவிட அடியில உருகின தண்ணி கொஞ்சம் இருந்தா முழு ஐஸும் ஈரச் சீமெந்து நிலத்தில கால் வழுக்கிறமாதிரி வழுக்கிக்கொண்டும் போகும்.

நம்பேல்லையெண்டா ஒரு கதை இருக்கு. 1827இல ஹூகி எண்ட சுவிஸ்காரர் உன்ரர்ஆர் எண்ட பனிக்கட்டியாறுக்கு மேல ஆராய்ச்சிக்கு எண்டு ஒரு குடில் கட்டினவர். பிறகு லூயி அகாசி எண்ட ஆராய்ச்சிக்காரர் அங்கை வேலை செய்த காலத்தில, 1841இல, அந்தக் குடில் கட்டின இடத்திலயிருந்து 1,400 மீற்றருக்கு மேல கீழ வந்திட்டுது. குடிலை ஒருத்தரும் தூக்கேல்ல. வருசத்துக்கு ஏறத்தாழ 100 மீற்றர் கணக்கு. இந்த அகாசி தான் 1840இலயே புத்தகம் போட்டு, ஒருகாலத்தில ஐரோப்பாவின்ரை பெரும்பகுதி ஐஸுக்குக் கீழ கிடந்தது எண்டு சொன்னவர், கனபேர் உடனை ஏத்துக்கொள்ளேல்ல. எல்லா ஆறும் ஒரே வேகம் எண்டும் நினைக்கக்கூடாது, கிரீன்லாந்தில யாக்கப்ஸ்ஹவன் எண்ட ஒண்டு 2012 கோடையில ஒரு நாளைக்கு 46 மீற்றர் போட்டது.

## பின்வாங்குது எண்டா திரும்பிப் போகேல்ல

இது தான் எல்லாரும் பிழையா விளங்கிற இடம். செய்தியில "பனிக்கட்டியாறுகள் பின்வாங்குகின்றன" எண்டு வாசிச்ச உடனை ஏதோ ஐஸ் ரிவேர்ஸ் கியர் போட்டு மலையில ஏறுதெண்டு நினைக்கினம்.

வெங்காயத் தோட்டத்தில மிசின் போட்டு இறைக்கிறதை யோசியுங்கோ. கிணத்தடியிலயிருந்து வாய்க்காலால தண்ணி போகுது, போகப் போகச் செம்பாட்டு மண் குடிக்குது. மிசின் நல்லா இறைச்சா தண்ணி கடைசிப் பாத்தி மட்டும் போகும். எண்ணெய் முடியிற நேரம் மிசின் இழுக்கிறது குறைய, தண்ணி பாதி வாய்க்காலோட நிண்டிடும், ஈரத்தின்ரை நுனி கிணத்துப் பக்கமா வரும். அதுக்காக வாய்க்கால் தண்ணி கிணத்துக்குத் திரும்பி ஓடினதோ? இல்லை. தண்ணி எப்பவும் முன்னுக்குத் தான் ஓடினது, இறைச்சது காணாம மண் குடிச்சது கூடிப்போச்சு.

பனிக்கட்டியாறும் அதே கணக்கு. மேல ஸ்னோ சேருற பகுதி கிணறு, கீழ உருகிற பகுதி தண்ணி குடிக்கிற மண். சேருறதும் உருகிறதும் சமனெண்டா நுனி அதே இடத்தில நிக்கும், ஐஸ் மட்டும் உள்ளுக்கை வந்துகொண்டேயிருக்கும். உருகிறது கூடினா நுனி மேல போகும், ஐஸ் அப்பவும் கீழ தான் வருது.

கூகிள் ஏர்த்தில டைம்லாப்ஸ் எண்டு ஒண்டு 2021இல சேத்தவை, 1984இலயிருந்து எடுத்த செய்மதிப் படங்களை வருசா வருசம் ஓட்டிக் காட்டும். அலாஸ்காவில கொலம்பியா கிளேசியர் எண்டு தேடி அதைப் போட்டுப் பாருங்கோ. நுனி 20 கிலோமீற்றருக்கு மேல பின்னுக்குப் போயிட்டுது, ஆனா வடிவாப் பாத்தா ஐஸில இருக்கிற கோடுகள் எல்லாம் கடலைப் பாத்துத் தான் வந்துகொண்டிருக்கு. இந்த ஒண்டைப் பாத்து விளங்கிட்டா பாதிப் பாடம் முடிஞ்சுது எண்டு நான் சொல்லுவன்.

## ஐஸ் கல்லை எப்பிடி வெட்டுது, மண்ணை எப்பிடிக் கொட்டுது

சுத்தமான ஐஸால பாறையில பெரிசா ஒண்டும் கீற ஏலாது. வெறும் கடதாசியால பலகையைத் தேச்சா என்ன நடக்கும், ஒண்டுமில்லை, அதில மண் ஒட்டியிருந்தாத் தான் அது மண்கடதாசி. ஐஸுக்கு அடியில பிடிச்சிருக்கிற கல்லும் மணலும் தான் தேய்க்கிறது. அதால பாறையில ஒரே திசையில நீளக் கீறல் விழும், நியூயோர்க் நகரத்துக்கு நடுவில சென்ட்ரல் பார்க்கில இருக்கிற பாறைகளில இப்பவும் அந்தக் கீறல் இருக்கு.

அப்ப அந்தக் கல்லு முதல்ல எங்கால வந்தது? பாறை வெடிப்புக்கை தண்ணி போய் உறையுது, உறைஞ்சா தண்ணி ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும், பிரீசருக்கை சோடாப் போத்தலை மறந்துபோய் விட்டவைக்கு அது தெரியும். அப்பிடி வெடிச்ச துண்டு ஐஸோட ஒட்டிக்கொண்டு வரும், காயத்துக்கு ஒட்டின பிளாஸ்டரை உரிக்கேக்கை மயிரையும் சேத்துப் பிடுங்கிறமாதிரி. அதால ஐஸ் ஏறி இறங்கின பாறை மேட்டில ஐஸ் வந்த பக்கம் வழுவழுப்பா இருக்கும், போன பக்கம் உடைஞ்சு கரடுமுரடா இருக்கும். ஐஸே இல்லாத ஊரில போய் நிண்டுகொண்டு "ஐஸ் இந்தப் பக்கத்தாலதான் வந்தது" எண்டு அடிச்சுச் சொல்லுறது இதை வச்சுத் தான்.

வெட்டினதைக் கொட்டுறதும் ஐஸ் தான். ஐஸ் கொண்டுவந்து விட்ட மண், கல்லுக் குவியலுக்கு மொரேன் எண்டு பேர். ஓரத்திலயும் இருக்கும், நுனியிலயும் இருக்கும்.

ஆறு கொட்டின மண்ணையும் ஐஸ் கொட்டின மண்ணையும் எப்பிடிப் பிரிக்கிறது? சுளகில புடைச்சா பாரமானது ஒருபக்கம், பதர் ஒருபக்கம் போகும். தண்ணியும் அப்பிடித் தான் புடைக்கும், வேகம் குறைய முதல்ல கல்லு, பிறகு மணல், கடைசியாக் களி எண்டு தரம் பிரிச்சு அடுக்கடுக்காப் போடும். ஐஸுக்குப் புடைக்கத் தெரியாது. ஒடியல் கூழ் மாதிரி, மாவும் கிடக்கும், நண்டுக்காலும் கிடக்கும், மீன் தலையும் கிடக்கும், எல்லாம் ஒண்டா. மாத்தூள் மாதிரிக் களிக்கு நடுவில ஆட்டோ அளவில ஒரு கல்லு அடுக்கே இல்லாமக் கிடந்தா அது ஐஸின்ரை வேலையா இருக்கலாம் எண்டு யோசிக்கோணும்.

சிலநேரம் அந்தப் பெரிய கல்லு அந்த ஊர்க் கல்லாகவே இருக்காது. எங்கடை தோட்டத்துக்கை ஒரு பெரிய கருங்கல்லு கிடந்தா என்ன நினைப்பம்? ஆரோ வன்னிப் பக்கத்தால லொறியில கொண்டுவந்து இறக்கியிருக்கினம் எண்டு, ஏனெண்டா குடாநாட்டில கிண்டினா வாறது சுண்ணாம்புக்கல்லு தான். வடக்கு ஐரோப்பாவிலயும் கனடாவிலயும் அப்பிடி அந்நியக் கல்லு எக்கச்சக்கம் கிடக்கு, லொறி ஐஸ்.

இவ்வளவு காணும்: ஐஸ் நகருது, கல்லை வச்சுத் தேய்க்குது, ஒட்டினதைப் பிடுங்குது, தரம்பிரிக்காமக் கொட்டுது. இனிப் போய்ப் பாக்கலாம்.

## போனுக்குள்ள மலை எப்பிடி எழும்பினது

ஒரு நிமிசம், அதுக்கு முதல். திரையில தெரியிற மலை படமோ, ஆரும் கீறினதோ எண்டு மருமகள் கேட்டவள், நல்ல கேள்வி.

பெருவிரலை முகத்துக்கு முன்னால நீட்டிப் பிடிச்சு ஒரு கண்ணை மூடிப் பாருங்கோ, பிறகு மற்றக் கண்ணை. விரல் துள்ளி இடம் மாறும், தூரத்தில இருக்கிற மதில் அசையாது. கிட்ட இருக்கிறது கூடத் துள்ளும், தூர இருக்கிறது குறையத் துள்ளும். விமானத்திலயோ ட்ரோனிலயோ இருந்து ஒண்டுக்கு மேல ஒண்டு படியிறமாதிரி நூறு, ஆயிரம் படம் எடுத்தா, ஒரே கல்லு ஒவ்வொரு படத்திலயும் எவ்வளவு துள்ளியிருக்கு எண்டு கொம்பியூட்டர் கணக்குப் பாத்து அந்தக் கல்லு எவ்வளவு உயரத்தில இருக்கெண்டு சொல்லும். இப்பிடிப் படங்களை வச்சு உருவம் அளக்கிறதுக்கு ஃபோட்டோகிராமெற்றி எண்டு பேர். கோடிக்கணக்கான புள்ளிக்கு இதைச் செய்து, புள்ளிகளை வலை மாதிரி இணைச்சு, அதுக்கு மேல படத்தையே போர்த்திவிட்டா மலை ரெடி.

ஆகவே அது அளந்த மலை, கீறினது இல்லை. ஆனா எவ்வளவு கிட்டவா அளந்தது எண்டது இடத்துக்கு இடம் வித்தியாசம், அதைப் பிறகு சொல்லுறன்.

## மூண்டு இடம் போட்டு வருவம்

கூகிள் ஏர்த் 2005இலயிருந்து இருக்கு, கொம்பியூட்டரில போடுற புரோ வகை 2015இலயிருந்து காசில்லாமக் கிடைக்குது. போனிலயும் ஓடும், ஆனா டேற்றாவைக் குடிக்கும், ஆரின்ரையும் வைஃபை இருக்கிற இடத்தில இருந்து பாருங்கோ. கொப்பியும் பென்சிலும் கட்டாயம்.

முதல் இடம், அலெச். சுவிஸில, அல்ப்ஸ் மலையிலயே பெரிசு, 20 கிலோமீற்றர் அளவு நீளம். கொன்கோடியாபிளாட்ஸ் எண்டு தேடினா மேலயிருந்து வாற ஐஸ் ஓட்டங்கள் எல்லாம் சந்திக்கிற இடத்துக்குக் கொண்டுபோகும், ஐஸின்ரை தடிப்பு அங்கை ஏறத்தாழ 800 மீற்றர். அதுக்குக் கீழ ஐஸுக்கு நடுவால நீளத்துக்குக் கறுப்புக் கோடு போகும், ஆரோ ரோட்டுப் போட்டமாதிரி. மருமகள் உண்மையாவே ரோட்டெண்டு தான் சொன்னவள். நான் பதில் சொல்லேல்ல, கோட்டைப் பிடிச்சுக்கொண்டு மேல போ எண்டு மட்டும் சொன்னன். போனா, ரெண்டு ஐஸ் ஓட்டம் சந்திக்கிற மூலையில தான் கோடு தொடங்குது. கரைவேட்டி கட்டின ரெண்டு பேர் தோளோட தோள் ஒட்டி நிண்டா நடுவில ரெண்டு கரையும் சேந்து ஒரு தடிச்ச கோடாத் தெரியும் தானே. ஒவ்வொரு ஐஸ் ஓட்டத்துக்கும் ஓரத்தில மொரேன் இருக்கு, ரெண்டு சேரேக்கை ரெண்டு ஓரமும் ஒண்டாகி நடுவுக்கு வந்திட்டுது. அப்ப கோட்டை எண்ணி ஒண்டைக் கூட்டினா எத்தினை ஓட்டம் சேந்தது எண்டு சொல்லலாம் எண்டு அவளே சொன்னாள். உதைத் தான் நான் களப்பயணம் எண்டு சொல்லுறது.

அதே இடத்தில ரெண்டு கரை மலையையும் பாருங்கோ. ஐஸுக்கு மேல ஒரு பட்டை வெளிறி, புல்லு பூண்டு இல்லாமக் கிடக்கும், அதுக்கு மேல தான் பச்சை. 1850கள் அளவில ஐஸ் அந்த உயரத்துக்கு நிண்டது, கழுவின பானையில பழைய கஞ்சி மட்டம் தெரியிறமாதிரி.

ரெண்டாவது, லவுட்டர்புருனன். பேர்ன் மாநிலத்தில இருக்கு, அங்கை சொந்தக்காரர் இருக்கிற ஆக்கள் போட்டோ கண்டிருப்பியள். இங்கை இப்ப பள்ளத்தாக்கின்ரை அடியில ஐஸ் இல்லை, ஐஸ் விட்டிட்டுப் போன வடிவம் தான் இருக்கு. வத்தகப்பழத்தைக் கத்தியால வெட்டி எடுத்தா கூரான பள்ளம், கரண்டியால கோலி எடுத்தா வட்டமான பள்ளம். மலையில ஆறு கத்தி, பெரும்பாலும் தன்ரை அடியைத் தான் அரிக்கும். ஐஸ் பள்ளத்தாக்கை நிரப்பி அடியையும் பக்கத்தையும் சேத்துக் கோலும், அதால அகலமான அடியும் சுவர் மாதிரிப் பக்கமும். புரோவில ஒரு கரையிலயிருந்து மற்றக் கரைக்குக் கோடு கீறி உயர வெட்டுமுகம் கேட்டா வரைபடமே போட்டுத் தரும், அதைக் கொப்பியில கீறுங்கோ. பக்கத்துச் சுவரில ஸ்டவ்பாக் எண்ட அருவி ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்திலயிருந்து அப்பிடியே விழும். ஏன் அந்தரத்திலயிருந்து விழுது? பெரிய ஐஸ் ஆழமாக் கோலிட்டுது, பக்கத்தால வந்து சேந்த சின்ன ஐஸ் அவ்வளவு ஆழம் கோலேல்ல, ஐஸெல்லாம் போனாப் பிறகு சின்னப் பள்ளத்தாக்கு மாடியில நிண்டிட்டுது.

மூண்டாவது இடத்துக்கு யாழ்ப்பாணத்தில எல்லாருக்கும் ஆள் இருக்கு, ஸ்காபரோ. ரொறன்ரோவில ஏரிக்கரையோட ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளத்துக்கு நிக்கிற செங்குத்து மண் சுவர், ஸ்காபரோ புளவ்ஸ், கூடின இடத்தில 90 மீற்றர் உயரம். ஸ்ட்ரீட் வியூவில கீழ ஏரிப் பக்கம் நிண்டு பாருங்கோ. சில இடத்தில மணலும் களியும் அடுக்கடுக்கா, அது தண்ணி புடைச்சுப் போட்டது, ஐஸுக் காலத்தில அங்கை இருந்த ஏரிக்கு ஆறு கொண்டுவந்தது. வேறை இடத்தில அடுக்கில்லாத கூழ், அது ஐஸ் நேர கொட்டினது. அந்த நேரம் கனடாவை மூடியிருந்த ஐஸ் சில இடங்களில 3 கிலோமீற்றர் தடிப்பு. சுளகும் கூழும் ஒரே சுவரில இருக்கு, இதைவிட நல்ல பரீட்சை இல்லை.

## கண் ஏமாறுற இடங்கள்

வெள்ளையா இருக்கிறதெல்லாம் பனிக்கட்டியாறு இல்லை. மார்கழி, தையில எடுத்த படமெண்டா அங்கை முழு மலையும் வெள்ளை, அது கோடை வர உருகிப் போற ஸ்னோ. வடக்குப் பக்கத்து நாடெண்டா ஆவணி, புரட்டாதிப் படத்தைப் பாக்கோணும், அப்பவும் மிஞ்சி நிண்டு, மேல வெடிப்பும் கோடும் இருந்தாத் தான் பனிக்கட்டியாறு. படத்தின்ரை திகதியை ஒருக்காப் பாருங்கோ, பக்கத்துப் பக்கத்துத் துண்டு வேறை வேறை வருசமாக்கூட இருக்கும், அந்த ஒட்டைப் பாத்திட்டு "இஞ்சை ஐஸ் திடீரெண்டு முடியுது" எண்டு எழுதின பிள்ளையளும் இருக்கினம்.

உயரத்தைக் கூட்டிக் காட்டுற செற்றிங் ஒண்டு இருக்கு, அது ரெண்டு மடங்கில நிண்டா சின்ன மேடும் இமயமலை. செங்குத்துச் சுவருகள் சில இடத்தில மெழுகு உருகினமாதிரித் தெரியும், அது அங்கத்தைய புவியியல் இல்லை, மேலயிருந்து எடுத்த படத்தில சுவர் சரியா அளக்கப்படேல்ல. நிழல் விழுகிற பக்கம் மாறினா பள்ளம் மேடாத் தெரியிறதும் உண்டு, படத்தைத் தலைகீழாத் திருப்பினா சரிவரும்.

அளவு எண்டது அடுத்த பிரச்சினை. ஒரு கல்லின்ரை போட்டோவைப் பாத்தா அது கைக்குள்ள அடங்குமோ வீட்டளவோ எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது, அதால தான் புவிச்சரிதவியல் ஆக்கள் கல்லுக்குப் பக்கத்தில சுத்தியலோ நாணயமோ வச்சுப் படம் எடுக்கிறவை. கூகிள் ஏர்த்தில அதுக்குப் பதில் அளவுகோல் இருக்கு, எதைப் பாத்தாலும் முதல்ல அளந்து பாருங்கோ.

தலையில கட்டுற கண்ணாடிப் பெட்டியைப் பற்றிக் கேட்டா, இருந்தா நல்லம், இல்லாட்டியும் ஒண்டும் குறையாது. ஒரு வகுப்புக்கு ஒரு புரொஜெக்டரும், வீடியோவை நிப்பாட்டிப் போட்டுக் கேள்வி கேக்கிற ஒரு ரீச்சரும் போதும்.

## தொட்டுப் பாக்க ஏலாததுக்கு ஒரு பெரியப்பா

திரையால ஏலாதது கனக்க இருக்கு. களியை விரலுக்கை வச்சு உருட்டிப் பாக்க ஏலாது, கல்லை உடைச்சுப் புதுமுகம் பாக்க ஏலாது, குளிர் காத்து முகத்தில அடிக்காது, கால் உளையாது. மணலோ களியோ எண்டு போட்டோவை வச்சுச் சண்டைபிடிக்கலாம், விரலால தொட்டா ஒரு செக்கன் வேலை.

எங்களுக்கு அந்தச் சண்டை வந்தது. ஸ்காபரோ சுவரில ஒரு பகுதி அடுக்கோ கூழோ எண்டு நானும் மருமகளும் இழுபட்டு, கடைசியில அவள் அங்கை இருக்கிற பெரியப்பாவுக்கு வட்ஸ்அப்பில எடுத்தாள். அவர் ஞாயிற்றுக்கிழமை வேலியைத் தாண்டாமல், சுவருக்குக் கிட்டப் போகாமல் (அது இடிஞ்சு விழுகிற மண், எச்சரிக்கைப் பலகை போட்டிருக்கு), கீழ விழுந்து கிடந்த கட்டி ஒண்டைப் பக்கத்தில கோப்பிக் கப்பை வச்சுப் படம் எடுத்து அனுப்பினார். "கையில எடுத்தா என்ன மாதிரி இருக்கு பெரியப்பா?" "மா மாதிரி, ஆனா உள்ளுக்கை கல்லு குத்துது." கூழ்! அவள் வெண்டாள். பிறகு அவர் கனநேரம் கதைச்சார், இருவது வருசமா கோடைக்குக் கோடை இதுக்குக் கீழ தான் இறைச்சி வாட்டினவையாம், உது ஐஸ் கொண்டுவந்து கொட்டினதெண்டு இண்டைக்குத் தான் தெரியுமாம்.

## ஐஸ் வராத ஊரில

எங்கடை பக்கம் பனிக்கட்டியாறு வரேல்ல. கீரிமலை எண்டு பேர் இருக்கே தவிர குடாநாட்டில மலையே இல்லை, காலுக்குக் கீழ கிடக்கிறது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லு, அதாவது 50 லட்சம் வருசத்துக்கு மேல பழசு, அதைச் செதுக்கினது மழைத்தண்ணி. நிலாவரைக் கிணறு மாதிரி இடங்கள் தண்ணி கல்லைக் கரைச்சதால வந்தது, ஐஸுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

ஆனா ஐஸ் வராமலே எங்கடை நிலத்தை மாத்தினது. ஏறத்தாழ 21,000 வருசத்துக்கு முதல், கனடாவிலயும் ஐரோப்பாவிலயும் ஐஸ் உச்சத்தில நிண்ட நேரம், அவ்வளவு ஐஸுக்கும் தண்ணி எங்கால வந்தது? கடலிலயிருந்து. கடல்தண்ணி ஆவியாகி ஸ்னோவா விழுந்து திரும்பி வராமல் நிலத்திலயே நிண்டிட்டுது, கிணத்துத் தண்ணியை அள்ளித் தாங்கியில சேத்து வச்சா கிணறு இறங்கிறமாதிரி. உலகம் முழுக்கக் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் இறங்கினது.

இதுக்கு மேல நான் சொல்லேல்ல. கொம்பியூட்டரில கூகிள் ஏர்த்தைத் திறந்து, பருத்தித்துறையிலயிருந்து கோடியக்கரைப் பக்கமா மவுசைக் கடலுக்கு மேல மெல்லக் கொண்டுபோ, கீழ ஓரத்தில கடலடி எத்தினை மீற்றர் எண்டு காட்டும், கொப்பியில எழுது எண்டு சொன்னன். பிறகு மன்னாரிலயிருந்து தனுஷ்கோடிக்கும் அதே மாதிரி. எழுதிக்கொண்டே போனாள், ஒரு இடத்திலயும் 120க்குக் கிட்டவும் வரேல்ல. பென்சிலை வச்சிட்டு என்னைப் பாத்தாள்.

"அப்ப மாமா, வேதாரணியத்துக்கு நடந்தே போயிருக்கலாம் என்ன?"